உபரியைக் காப்பதா, பகிர்வதா? – அலாஸ்காவின் சேமநிதியும் அரசியலும்

பைத்துல்மாலில் உரிய செலவுகள் அனைத்தும் போக ஒரு தொகை மிஞ்சுமானால் அதனை என்ன செய்வது? ஹிஜ்ரி 450-இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்), தமது 'அல் அஹ்காமுஸ் சுல்தானிய்யா' என்னும் நூலில் இவ்வினாவை எழுப்பி, இதில் இரு பெரும் இமாம்களின் கருத்துகள் வேறுபடுவதை எடுத்துரைக்கிறார். முஸ்லிம்களுக்கு நேரக்கூடிய இடர்களை எதிர்கொள்ள அதனைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. சேமித்து வைக்கலாகாது, முஸ்லிம்களின் பொதுநலனுக்காக அதனைச் செலவிட்டுவிட வேண்டும், இடர் நேரும்போது அதனை ஏற்கும் கடமை அக்கால மக்களைச் சாரும் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து.

கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டில் ஹனஃபி மத்ஹபும் பெரிதும் வழங்கிவரும் நம் தமிழகத்தில், சுபுஹுத் தொழுகையில் குனூத் ஓதுவது பற்றிய வேறுபாட்டை அறியாதார் இல்லை. கருவூலத்தின் உபரி பற்றிய இவ்வேறுபாட்டையோ அறிந்தோர் சிலரே. பைத்துல்மால் என்பதே ஊர்ச் சங்கங்களின் உதவி நிதிக்குரிய பெயராகச் சுருங்கிவிட்ட நிலையில் இது வியப்புக்குரியதன்று. ஆயினும் இரு இமாம்களும் எழுப்பிய கேள்வி இன்று உலகின் பல சட்டமன்றங்களில் ஆண்டுதோறும் எழுகிறது. மார்க்க நூல்களை அறியாதவர்கள், வேறு சொற்களில், அதே வழக்கைத்தான் நடத்திக்கொண்டிருக்கின்றனர். அவற்றுள் மிகவும் பாடம் தரத்தக்கது என நாம் கருதுவது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகோடியிலுள்ள அலாஸ்கா மாநிலத்தின் வரலாறு.

அமெரிக்க மாநிலங்கள் ஏன் சேமிக்க வேண்டியிருக்கிறது என்பதை முதலில் விளக்கிவிடுவோம். அங்கு வெர்மான்ட் நீங்கலாக ஏனைய மாநிலங்கள் யாவும், வரவுக்கு மிஞ்சிச் செலவிடலாகாது என்ற விதிக்கு ஏதேனும் ஒரு வகையில் கட்டுப்பட்டவை. நடுவண் அரசைப் போல் நாணயம் வெளியிடும் அதிகாரமும் அவற்றுக்கு இல்லை. பொருளாதாரம் சரியும்போது வரி வருவாய் குறையும். அதே வேளையில்தான் வேலையிழந்தோரும் வறியோரும் அரசை நாடி வருவர். இவ்விரு முனைத் தாக்குதலைத் தாங்குவதற்காக நல்ல ஆண்டுகளில் ஒரு பகுதியை எடுத்து வைக்கும் ஏற்பாட்டை 'மழைநாள் நிதி' என அம்மக்கள் அழைக்கின்றனர். மழையை ரஹ்மத் என்று வேண்டி நிற்கும் நமக்கு இப்பெயர் விந்தையாகத் தோன்றும். நம் வழக்கில் இதனைப் பஞ்சகால நிதி எனலாம். வளமான ஏழாண்டுகளின் விளைச்சலைக் கதிரிலேயே விட்டுவைத்து, வறட்சியான ஏழாண்டுகளைக் கடக்க நபி யூசுஃப் (அலை) வகுத்த வழியும் இதுவே.

இந்திய அரசமைப்பின் 267-ஆம் பிரிவு மாநிலங்களுக்கு அனுமதிக்கும் எதிர்பாராச் செலவு நிதியோடு இதனை ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. அது சட்டமன்றத்தின் ஒப்புதல் கிடைக்கும்வரை அவசரச் செலவுக்கு முன்பணம் தந்து, பின்னர் ஈடுசெய்யப்படும் ஒரு சிறு ஏற்பாடு. அது சேமிப்பு அன்று.

எகிப்தில் யூசுஃப் (அலை) அவர்களுக்குக் களஞ்சியத்தின் முழு அதிகாரமும் அளிக்கப்பட்டிருந்தது. மக்களாட்சியில் அத்தகைய களஞ்சியக் காவலர் எவருமில்லை. உபரி தோன்றும் ஆண்டில் அதற்கு உரிமை கோருவோர் பலர்: வரியைக் குறை என்போர், ஊதியத்தை உயர்த்து என்போர், பள்ளி கட்டு என்போர், பாலம் கட்டு என்போர். இவர்கள் அனைவருக்கும் வாக்கு உண்டு. பத்தாண்டு கழித்து வரப்போகும் நெருக்கடியில் அல்லலுறப் போகிறவனுக்கு இன்று வாக்கில்லை. அவனுள் ஒரு பகுதியினர் இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவேதான் சேமிப்போர் பெட்டிக்குப் பூட்டுப் போடுகின்றனர். சட்டத்தாலும், அதனினும் வலிய அரசமைப்பு விதியாலும் பூட்டுகின்றனர். அப்பூட்டின் சாவி யாரிடம் போய்ச் சேருகிறது என்பதே அலாஸ்காவின் கதை.

அலாஸ்கா 1959-இல் மாநிலத் தகுதி பெற்றது. 1968-இல் ஆர்க்டிக் கடலோரத்தின் ப்ரூடோ பே பகுதியில் மாபெரும் எண்ணெய் வளம் கண்டறியப்பட்டது. மறு ஆண்டு நிலங்களைக் குத்தகைக்கு ஏலம் விட்டதில் ஒரே நாளில் 90 கோடி டாலர் கிடைத்தது. அன்றைய மாநிலத்தின் ஆண்டு வரவு செலவைப் போல் அது பல மடங்கு. பள்ளிகள், சாலைகள், ஊராட்சிகளுக்கான உதவி எனச் சில ஆண்டுகளில் அது முழுதும் கரைந்தது. அனைத்தும் வீணாயிற்று என்று சொல்வது நியாயமன்று. ஆயினும் மக்கள் மனத்தில் பதிந்தது, கைக்கு வந்தது காணாமற் போயிற்று என்ற உணர்வே. எண்ணெய்க் குழாய் கட்டி முடிக்கப்படுவதற்கு முந்திய ஆண்டான 1976-இல், ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு வாக்காளர்கள் ஆதரிக்க, அரசமைப்பில் ஒரு திருத்தம் நிறைவேறியது. கனிமக் குத்தகையிலும் உரிமத் தொகையிலும் குறைந்தது 25 விழுக்காடு 'நிலைநிதி' ஒன்றில் சேர வேண்டும். அதன் முதலை வருமானம் தரும் முதலீடுகளில் இடலாமே தவிர, செலவிடலாகாது.

இவ்விடத்தில் நம் நினைவு இயல்பாகவே இராக்கின் ஸவாது நிலங்களை நோக்கிச் செல்கிறது. அவ்வளமிக்க நிலங்களை வென்ற படையினரிடையே பங்கிட வேண்டும் என பிலால் (ரலி) உள்ளிட்ட தோழர்கள் வாதிட்டதையும், கலீஃபா உமர் (ரலி) அதனை ஏற்காது, பல நாள் கலந்தாய்வுக்குப் பின், நிலத்தை உழுதவர்களிடமே விட்டு அதன்மீது கராஜ் விதித்ததையும் இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) தமது 'கிதாபுல் கராஜ்' நூலில் விரிவாக அறிவிக்கிறார். ஹஷ்ர் அத்தியாயத்தில் ஃபைஉப் பொருளுக்கு உரியோரைக் கூறும் வசனங்கள், பின்னால் வருவோரையும் குறிப்பிடுகின்றன என்பதே உமர் (ரலி) எடுத்துவைத்த சான்று. இன்று பங்கிட்டுவிட்டால் அவர்களுக்கு என்ன எஞ்சும் என்பது அவர்தம் கேள்வி. அலாஸ்கா மக்கள் 1976-இல் தம்மையே கேட்டுக்கொண்டதும் இதைத்தான். இவ்விரண்டையும் நாம் சமமாக வைக்கவில்லை. நிலைநிதியின் முதலீடுகளில் வட்டி சார்ந்த கடன்பத்திரங்களும் அடக்கம். அதனை முன்மாதிரியாக ஏற்க நமக்கு வழியில்லை. கேள்வி ஒன்று என்பதையே குறிப்பிடுகிறோம்.

அந்நாளில் அம்மாநில ஆளுநராக இருந்தவர் ஜே ஹாமண்ட். அமெரிக்காவில் மாநில ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். நம் முதலமைச்சரின் இடத்தில் இருப்பவர். சட்டத்தால் மட்டும் நிதியைக் காக்க இயலாது என்பதை ஹாமண்ட் உணர்ந்திருந்தார். நிதியின் வருவாயில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஈவுத்தொகையாக வழங்கினால், அதன்மீது கைவைக்க நினைக்கும் அரசியல்வாதியை மக்களே தடுப்பர் என்பது அவர் கணக்கு.

முதற் சட்டம், 1959 முதல் அம்மாநிலத்தில் வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 50 டாலர் என்று கூறியது. நெடுநாள் வாழ்ந்தவருக்கு மிகுதி, புதிதாக வந்தவருக்குக் குறைவு. குடிமக்களை வசித்த காலத்தால் தரம் பிரிப்பது சம பாதுகாப்பு உரிமைக்கு முரண் எனக் கூறி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-இல் அதனைச் செல்லாததாக்கியது. அவ்வாண்டு தகுதியுடைய அனைவருக்கும் சமமாக 1,000 டாலர் வழங்கப்பட்டது. இஸ்லாமிய வரலாறு அறிந்தோர்க்கு இதுவும் பழைய வழக்கே. கலீஃபா அபூபக்ர் (ரலி) அனைவருக்கும் சமமாகப் பகிர்ந்தார். உமர் (ரலி) திவான் அமைத்தபோது, இஸ்லாத்தில் முந்தியோருக்கு மிகுதியாக அளித்தார். பின்னாளில் சமப்படுத்த எண்ணினார் என்றும் அறிவிப்பு உண்டு.

ஹாமண்டின் கணக்கு பலித்தது என்றே சொல்ல வேண்டும். 1999-இல், நிதியின் வருவாயில் ஒரு பகுதியை அரசின் செலவுக்குப் பயன்படுத்தலாமா எனக் கருத்து வாக்கெடுப்பு நடத்தியபோது, 83 விழுக்காட்டினர் கூடாது என்றனர். ஆனால் இதற்கிடையே நிகழ்ந்த இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எண்ணெய்ப் பணம் பெருகியதால் 1980-இல் மாநில வருமான வரி ஒழிக்கப்பட்டது. மாநில அளவிலான விற்பனை வரியும் அங்கு இல்லை. ஆக, அரசுக்கு வரி தராமல் அரசிடமிருந்து பணம் பெறுவதே குடிமகனின் அனுபவமாயிற்று. அரசின் செலவுக்கும் தன் சட்டைப் பைக்கும் தொடர்பு உண்டென்று அவன் உணர்வதற்கு வழியில்லாமல் போயிற்று. பின்னர் நேர்ந்த குழப்பங்களின் வேர் இதில்தான் இருக்கிறது என்பது நம் எண்ணம்.

1986-இல் எண்ணெய் விலை சரிந்து மாநிலம் கடும் மந்தத்தில் ஆழ்ந்தது. அதன் படிப்பினையாக 1990-இல் வாக்காளர்கள் இரண்டாவது பெட்டி ஒன்றை ஏற்படுத்தினர். அதன் பெயர் அரசமைப்புச் சேமநிதி. எண்ணெய் நிறுவனங்களுடனான வரி வழக்குகளும் உரிமத் தொகைப் பிணக்குகளும் தீர்ந்து வரும் பணம் இதில் சேரும். வருவாய் போதாத ஆண்டில் ஒரு வரம்புக்குள் எளிய பெரும்பான்மையால் எடுக்கலாம். மற்றபடி இரு அவைகளிலும் நான்கில் மூன்று பங்கினர் இசைய வேண்டும். போதாமை என்பதற்கு 1994-இல் மாநில உச்ச நீதிமன்றம் அளித்த விளக்கத்தால் எளிய வழி பெரும்பாலும் அடைபட்டது. எஞ்சியது முக்கால் பங்கு வாக்கு என்னும் சாவியே. கீழவையின் 40 பேரில் 30 பேர், மேலவையின் 20 பேரில் 15 பேர்.

இதனைவிட வலிய பூட்டு உண்டா எனத் தோன்றலாம். நடந்ததோ வேறு. கீழவையில் 11 பேர் மறுத்தால் போதும், ஒரு டாலரும் வெளியே வராது. எனவே சிறுபான்மைக் கட்சிக்கு, தேர்தலில் கிடைக்காத வலிமை இந்நிதியால் கிடைத்தது. அவர்களது இசைவைப் பெற ஆளுங்கட்சி ஏதேனும் தந்தாக வேண்டும். அவர்கள் கேட்டதோ பெரும்பாலும் கூடுதல் செலவு. செலவைக் கட்டுப்படுத்த இட்ட பூட்டு, திறக்கும் ஒவ்வொரு முறையும் செலவைக் கூட்டியது. சிறுபான்மையினர் கேட்டது பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் வேண்டிய நியாயமான பணமாகவே பல வேளைகளில் இருந்தது. குறை அவர்களிடம் இல்லை, அமைப்பில் இருந்தது.

2000-களின் பிற்பகுதியில் எண்ணெய் விலை ஏறியது. எடுத்த கடன் முழுதும் சேமநிதிக்குத் திருப்பி அடைக்கப்பட்டது. எளிய பெரும்பான்மையால் எடுக்கத்தக்க மற்றொரு சேமிப்பும் சேர்ந்து, 2013 வாக்கில் இரண்டிலுமாக ஏறத்தாழ 1,600 கோடி டாலர் குவிந்திருந்தது. ஏழரை இலட்சத்தை எட்டாத மக்கள்தொகைக்கு இது பெருஞ்செல்வம். 2014-இல் அரசு ஊழியர், ஆசிரியர் ஓய்வூதியக் கடனை அடைக்க 300 கோடி டாலர் எடுக்கப்பட்டது. அது விவேகமான செயலென்றே நாம் கருதுகிறோம். அவ்வாண்டின் நடுவில் விலை சரியத் தொடங்கியது. பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்தது, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. 1988-இல் நாளொன்றுக்கு 20 இலட்சம் பீப்பாய் ஓடிய குழாயில் அப்போது ஓடியது அதில் நான்கில் ஒரு பங்களவே.

2015-இல் அப்பூட்டின் இயல்பு அனைவருக்கும் வெளிப்பட்டது. பெட்டியில் பணம் நிறைந்திருந்தது. தேவையும் கண்முன் இருந்தது. ஆனால் முக்கால் பங்கு வாக்கு கிட்டவில்லை. சிறுபான்மையினர் பள்ளிக்கல்வி நிதியை வலியுறுத்தினர், பெரும்பான்மையினர் மறுத்தனர். சிறப்புக் கூட்டங்கள் நீண்டன. ஜூலை முதல் நாள் புதிய நிதியாண்டு தொடங்குமுன் உடன்பாடு ஏற்படாவிடில் வேலையில்லை என்று ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்களுக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது. ஜூன் மாதத்தில்தான் பேரம் முடிந்தது. வெட்டப்பட்ட கல்வி நிதியில் ஒரு பகுதி மீண்டது. பஞ்ச காலத்தில் களஞ்சியத்தின் கதவு திறக்குமா என்று மக்கள் வாசலில் காத்து நின்ற காட்சி அது.

வரி விதிப்பதா, செலவைக் குறைப்பதா, ஈவுத்தொகையைக் குறைப்பதா, சேமிப்பை எடுப்பதா என்ற நான்கு வழிகளில், முதல் மூன்றுக்கும் உடனே கூக்குரலிடுவோர் இருந்தனர். நான்காவதற்கு எவருமில்லை. ஆண்டுதோறும் 300, 400 கோடி டாலர் என்ற அளவில் பற்றாக்குறை நீடிக்க, சேமிப்பு உருகியது. ஆளுநர் பில் வாக்கர் 2016-இல் துணிந்து ஈவுத்தொகையைப் பாதியாக்கினார். அவ்வாண்டு ஒவ்வொருவருக்கும் கிடைத்தது 1,022 டாலர். வழக்குத் தொடரப்பட்டது. சட்டமன்றம் ஒதுக்கினாலன்றி ஈவுத்தொகை தானே வழங்கப்படத் தக்கதன்று என 2017-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-இல், நிலைநிதியின் ஐந்தாண்டுச் சராசரி மதிப்பில் 5.25 விழுக்காடு, பின்னர் 5 விழுக்காடு, ஆண்டுதோறும் எடுக்கலாம் என்று சட்டம் வகுக்கப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலில் வாக்கர் களத்திலிருந்து விலக நேர்ந்தது. முழு ஈவுத்தொகையும் குறைக்கப்பட்ட பாக்கியும் தருவதாக உறுதியளித்த மைக் டன்லீவி வென்றார். மக்கள் வாசலில் நின்ற காட்சியைவிட, மக்கள் இவ்வாறு வாக்களித்த காட்சியே நம்மை மிகுதியும் சிந்திக்கவைக்கிறது. நிதியைக் காப்பதற்காக ஹாமண்ட் நிறுத்திய காவலர்கள், தம் கூலியைக் காக்கும் பொருட்டு மற்றப் பெட்டி காலியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

2019-இல் டன்லீவி 44 கோடியே 40 இலட்சம் டாலர் செலவினங்களை இரத்துச் செய்தார். மாநிலப் பல்கலைக்கழகம் மட்டும் 13 கோடி டாலர் இழக்க இருந்தது. பின்னர் அவ்வெட்டு, மூன்றாண்டுகளில் 7 கோடி எனத் தளர்த்தப்பட்டது. அரசமைப்புச் சேமநிதியின் இன்னொரு விதியும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. அந்நிதியிலிருந்து எடுத்த கடன் தீரும்வரை, ஆண்டு முடிவில் பொதுக் கணக்கின் கிளைகளில் எஞ்சியதையெல்லாம் வழித்தெடுத்து அதில் சேர்க்க வேண்டும். அவற்றை உரிய இடத்துக்கு மீட்க மீண்டும் முக்கால் பங்கு வாக்கு வேண்டும். ஆண்டுதோறும் சடங்காக நடந்துவந்த இம்மீட்பு 2019 கோடையில் தடைபட்டதால், கல்வி உதவித்தொகை பெறவிருந்த மாணவர்களுக்குப் பணமில்லை என்ற செய்தி போயிற்று. சில வாரங்கள் கழித்தே அது சரிசெய்யப்பட்டது. 2021-இல் மறுபடியும் தடை. சாலையற்ற தொலைதூரக் கிராமங்களில் மின்கட்டணத்தைக் குறைக்க உதவும் நிதியும் வழித்தெடுக்கப்படும் எனக் கூறப்பட்டது. பூர்வகுடி மக்களின் கூட்டமைப்பும் பிறரும் நீதிமன்றம் சென்றனர்; அந்நிதி பொதுக் கணக்கைச் சார்ந்ததன்று என ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. இடர்காலத்தில் எளியோரைக் காக்க அமைந்த நிதி, எளியோரின் விளக்கைப் பணயமாக வைக்கும் கருவியாக மாறியிருந்தது. அவ்வேளையில் அதில் மிஞ்சியிருந்தது நூறு கோடி டாலரைச் சுற்றிய தொகைதான்.

சேமிப்புக் கரைவது மட்டுமே அரசியலின் வேலை என்று எண்ணிவிட வேண்டா. டெக்சாஸில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. 1988-இல் உருவான அம்மாநிலத்தின் நிலைப்படுத்தல் நிதி, எண்ணெய், எரிவாயு வரியால் நாட்டிலேயே பெரியவற்றுள் ஒன்றாக வளர்ந்தது. 2011-இல் பெரும் பற்றாக்குறை வந்தபோது, முடியவிருந்த ஆண்டின் இடைவெளியை நிரப்ப ஏறத்தாழ 320 கோடி டாலர் எடுக்க இசைந்த ஆளுநர் ரிக் பெர்ரி, அடுத்த ஈராண்டுக்காகத் தொடவே கூடாது என்றார். நிதியில் பல நூறு கோடி எஞ்சியிருக்கவே, பள்ளிக்கல்விக்கான பணத்தில் 500 கோடி டாலருக்கு மேல் வெட்டப்பட்டது. அரசின் அளவைச் சுருக்க விரும்புவோருக்குத் திறக்காத பெட்டி ஒரு வாய்ப்பு. ஈராண்டு கழித்து, அதே நிதியிலிருந்து 200 கோடி டாலர் நீர்த் திட்டங்களுக்கு எடுக்கப்பட்டது. அது நல்ல பணியே. ஆயினும் பஞ்சத்தில் திறக்காத களஞ்சியம் செழிப்பில் திறந்தது.

சேமித்த பணம் இறுதியில் யாருடைய அதிகாரமாகும் என்ற ஐயம் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்துக்குக் காரணமாயிருந்தது என்று நாம் கூற வரவில்லை. மாவர்தீ (ரஹ்) குறிப்பிடுவது, கடமை எப்போது யார்மீது விழுகிறது என்பதையே. ஆயினும் ஜூனோ நகரச் சட்டமன்றத்தின் முப்பதாண்டு நடவடிக்கைகளைக் கண்டபின், அக்கருத்தை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று எவரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அதே வேளையில், 2021-இல் 8,000 கோடி டாலரைக் கடந்த நிலைநிதியின் முதல் இன்றளவும் தொடப்படாதிருப்பதைக் காண்கையில், சேமிப்புக் கருத்தையும் விட்டுவிட முடியவில்லை. அங்குப் பூட்டு எளியது, விதிவிலக்கில்லாதது. பேரம் பேச இடமளிக்காதது. முதலைச் செலவிட முக்கால் பங்கு வாக்கும் போதாது. அரசமைப்பையே திருத்தியாக வேண்டும்.

அதன் வருவாய்க் கணக்கோ அவ்வாறன்று. எளிய பெரும்பான்மைக்கே அது திறக்கும். 2018-க்குப் பின் அலாஸ்கா அரசின் பொதுச் செலவுக்கு எண்ணெயைக் காட்டிலும் மிகுதியாக வருவாய் தருவது நிலைநிதியே. அவ்வருவாய்க் கணக்கு வற்றிப்போனால், முதல் நிறைந்திருக்கையிலேயே அரசு முடங்க நேரும் என அஞ்சிய நிதியின் அறங்காவலர்கள், இரு கணக்குகளையும் ஒன்றாக்கி, ஆண்டுக்கு 5 விழுக்காடு என்ற வரம்பை அரசமைப்பிலேயே எழுதும்படி பரிந்துரைத்துள்ளனர். அதற்கு இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவும் பின்னர் மக்களின் ஒப்புதலும் வேண்டும். ஈவுத்தொகைக்கும் அரசமைப்பில் உறுதி வேண்டும் என்போர் ஒருபுறம், பள்ளிகளுக்கே முதலிடம் என்போர் மறுபுறம் நிற்கின்றனர். 2022-இல் 3,284 டாலராக உயர்ந்த ஈவுத்தொகை, 2025-இல் 1,000 டாலராகக் குறைந்தது. 1982-இல் முதன்முதலாக வழங்கப்பட்டதும் அதே தொகைதான்.